ராஜாவின் ஜன்னலில் தெரிந்த முகம்

"குதிரை!"

துறவி மெல்சோர் மூச்சிரைக்க ஓடி வந்து கோயில் சுவரையொட்டிய சாரத்தின் அடியில் நின்றார். மடமும் அரண்மனையும் சேர்ந்த அந்தக் கட்டடத்தின் வேலைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"எங்க சாமி குதிரை?" என்றான் மேலேயிருந்து ஓவியன் பல்தசார்.

"உன் பக்கத்துலதான்! நீ வரைஞ்ச புனித ஹெரோனிமோவோட மூஞ்சி. ராஜா படுக்கையறை ஜன்னல்லேருந்து இப்பத்தான் பார்த்துட்டு வரேன். சேணம் ஒண்ணுதான் பாக்கி."

தூரிகை நின்றது.

பல்தசாருக்குப் புரிந்துவிட்டது. முப்பது அடி உயரத்தில் இருக்கும் முகம் தரையிலிருந்து பார்த்தால் குறுகித் தெரியும். அதனால் துறவிகள் முழங்காலிடும் இடத்திலிருந்து அளந்து, வேண்டுமென்றே நீட்டி வரைந்திருந்தான். ஆனால் காஸ்டில் நாட்டு மன்னர் வாதநோய் முற்றி, போன குளிர்காலத்தில் மேல்மாடிக்கு மாறியிருந்தார். படுத்தபடியே பூசை காண, கோயில் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டச் சொன்னார். அது புனிதரின் முகத்துக்கு நேர் எதிரே இருந்தது. பல்தசார் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"செபத்துக்கு இடைஞ்சல்னு பட்டா ராஜா வெள்ளையடிச்சிடுவாரு. அந்த இத்தாலிக்காரன் வரைஞ்ச சுவரு என்னாச்சு, தெரியுமில்ல?"

தெரியும். இவனுடையது இரண்டு வருட உழைப்பு.

கீழே நீலக்கல்லை அரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி இஸித்ரா நிமிர்ந்தாள். "சாரத்தைப் பிரிச்சப்புறம், மத்தியானப் பூசையிலதானே ராஜா பார்ப்பாரு? மூஞ்சியை மட்டும் கொத்திட்டுச் சின்னதா வரைஞ்சிடுய்யா."

"கீழேயிருந்து பார்த்தா நசுங்கின பூசணிக்கா மாதிரி தெரியும்டி."

"கீழே இருக்கிறவங்களா வெள்ளையடிக்கப் போறாங்க?"

பல்தசார் இறங்கி வந்தான். தரைக்கல்லில் துறவிகளின் முழங்கால்கள் தேய்த்த பளபளப்பைப் பார்த்தான்.

"கொத்த மாட்டேன். சாமி, ராஜா கேட்டா இப்படிச் சொல்லுங்க. இந்தப் படம் முழங்கால் போடறவங்களுக்காக வரைஞ்சது."

மெல்சோர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "அவரால காலை மடக்கவே முடியாதுடா! குத்திக்காட்டறேன்னு நினைப்பாரு."

"உள்ளதைத்தானே சொல்றேன்."

"உனக்குக் கொழுப்புய்யா," என்றாள் இஸித்ரா.

சாரத்தைப் பிரித்தார்கள். மணி அடித்தது. பூசை தொடங்கியதும் ஜன்னல் திரை விலகியது. பாதிப் பூசையில் சட்டென்று மூடிக்கொண்டது.

மெல்சோரை மேலே அழைத்தார்கள்.

பூசை முடியும் நேரம் பக்கக் கதவு திறந்தது. நான்கு பேர் ஒரு நாற்காலியைச் சுமந்து வந்தார்கள். அதில் கறுப்பு உடையில் மன்னர். பின்னால் வெளிறிப்போய் மெல்சோர்.

"யாரு அது, என்னை முழங்கால் போடச் சொன்னது?"

"நான்தான், மகாராஜா."

மன்னர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இறக்குங்க."

கூட வந்த வைத்தியர் குறுக்கே வந்தார். மன்னரின் ஒரே பார்வையில் விலகிவிட்டார். இரண்டு பேர் தோள்களைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, மன்னர் வெறுங்கல்லில் முழங்காலிட்டார். நெற்றி வியர்த்தது.

அண்ணாந்து பார்த்தார்.

பாவத்துக்கு வருந்தி நெஞ்சில் அறைந்துகொள்ளக் கல்லை ஓங்கிய கிழத் துறவி. ஒட்டிய கன்னம், நனைந்த தாடி. எந்த அளவும் பிசகாத மனித முகம். வலியை அறிந்த இரண்டு கண்கள் சுவரைவிட்டு இறங்கி, முழங்காலிட்டவரிடமே வந்து நின்றன. இஸித்ராகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேலேயிருந்து பார்த்தப்போ அவரு என்னைப் பார்க்கவே இல்ல," என்றார் மன்னர் தணிந்த குரலில். "இங்க பார்க்கறாரு."

மெல்சோர் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சிடுங்க. நாளையிலேருந்து பூசைக்கு என்னை இங்க தூக்கிட்டு வாங்க."

நான்கு பேரும் அவரைத் தூக்க நெருங்கினார்கள். மன்னர் கையசைத்து நிறுத்தினார். அவர் இன்னும் செபத்தைத் தொடங்கவே இல்லை.