புடலைக்குக் கட்டிய கல்

ஜெகதீசன் புடலைப் பிஞ்சுகளுக்குக் கல் கட்டிக்கொண்டிருந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், அதில் ஒரு பந்தல். மனைவி கலைமதி முந்தானையில் கற்களை ஏந்திக்கொண்டு கூடவே நகர்ந்தாள். நுனியில் கல் தொங்கினால்தான் காய் சுருளாமல் இறங்கும்.

"இன்னும் பெரிய கல்லா குடு கலை."

"காய் அறுந்து உழுந்தா என்னத்தான் திட்டுவீங்க."

"பின்ன? கட்டினவன் நானு, கல்லு பொறுக்கினவ நீயி. தப்பு உன்னுதுதான்."

சிரித்தவர் சிரிப்பின் பாதியிலேயே வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டபோது, கூட வந்திருந்த அண்ணன் பாண்டுரங்கன், "நீ போயி டீ சாப்ட்டுக்கினு இரு" என்று தம்பியை வெளியே அனுப்பிவிட்டார்.

"கல்லீரல்ல கட்டி இருக்கு. கேன்சர்தான்" என்றார் டாக்டர்.

மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று ஜெகதீசனுக்குத் தெரியாமலேயே பல வருடம் உள்ளே இருந்திருக்கிறதாம். டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு, அதைச் சுற்றிப் புள்ளிகள் வைத்தார்.

"காயத்துல தழும்பு போட்டு ஆத்துறதுக்குன்னே கல்லீரல்ல சில செல்கள் இருக்கும்மா. காயம் ஆறாமலே இருந்தா அதுங்க தழும்பு மேல தழும்பு போட்டுக்கிட்டே இருக்கும். அங்க கட்டின்னு ஒண்ணு வந்துட்டா அதுக்கும் துணையாயிடும். வளர்றதுக்கு வேண்டியத எல்லாம் குடுக்கும். உடம்போட காவல் செல்கள் கிட்ட வராம சுத்தி மறைச்சுக்கும்."

"ஆத்த வந்ததுங்கதான டாக்டர்?" கலைமதிக்குத் தன் குரலே தூரத்தில் கேட்டது.

"ஆமாம்மா. ஆத்த வந்ததுங்கதான்."

புதன்கிழமை புதுச்சேரியில் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

வராந்தாவில் பாண்டுரங்கன் குரலைத் தாழ்த்தினார். "தம்பிகிட்ட வீக்கம்னு மட்டும் சொல்லும்மா. பேரக் கேட்டாலே பாதி உயிரு பூடும் அவனுக்கு. எங்கப்பாவுக்கே கடைசி வரைக்கும் நாங்க சொல்லல."

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். அவள் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். அவருடைய வலது விலா அவள் மேல் அழுந்தியிருந்தது. அங்கேதான், ஒரு சாண் தூரத்தில், அது இருக்கிறது, இப்போதும் வளர்கிறது. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அவள் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டாள்.

அன்று முதல் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்களெல்லாம் மாதுளம்பழச் சாறு கொடுத்தார்கள். "வெறும் வீக்கந்தான், ஒண்ணும் இல்ல" என்று ஒரே மாதிரி சிரித்தார்கள். அவரும் நம்பினார்.

"வீக்கத்துக்குப் போயி எதுக்குண்ணா புதுச்சேரி? காய் இறங்குற நேரம். அறுத்து முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்."

பாண்டுரங்கனால் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். "சரிடா, உன் இஷ்டம்" என்றார்.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கலைமதி வாசற்படியில் நின்று பார்த்தாள். எல்லோரும் நல்லது செய்ய வந்தவர்கள். டாக்டர் தாளில் வைத்த புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன. அவளும் அதில் ஒரு புள்ளி.

செவ்வாய்க்கிழமை காலை அவர் பந்தலடியில் காய் அறுத்துக்கொண்டிருந்தார். அவள் கூடை பிடித்திருந்தாள்.

"ஏங்க, அது வீக்கம் இல்லங்க."

அவர் அடுத்த காயைப் பிடித்தார்.

"கட்டி. கேன்சரு." கூடையைக் கீழே வைத்தாள். "நாளைக்குப் போவலன்னா கை மீறிப் பூடும்னாங்க."

அவர் காயைப் பிடித்தபடியே நின்றார்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஊருக்கு?"

"தெரியும்."

"அதான் ஆளாளுக்கு ஜூஸா ஊத்தினானுங்களா? நான்கூட எனுக்கு மவுசு வந்துடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சிரித்தார். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு மொத பஸ்ஸு எப்போ?" என்று கேட்டார்.

போனார்கள். கட்டி சுருங்கியது, பிறகு வேறு இடத்தில் தலைகாட்டியது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டாக்டரின் முகத்தை, அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் படித்துவிடுவாள். ஜெகதீசன் இன்னொரு பொங்கலைப் பார்த்தார், இன்னொரு போகம் புடலைக்குக் கல் கட்டினார். அதற்குமேல் கல்லீரல் தாங்கவில்லை.

கருமாதியன்று பாண்டுரங்கன் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னும் நாலு வருசம் இருந்திருப்பான்."

அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விளக்கை அணைத்துப் படுத்தால், ஒருவேளை என்று நெஞ்சுக்குள் ஒரு கை வந்து அழுத்துகிறது. பஸ்ஸில் அன்று இருந்த பயம்தான். அவர் போனபோது அது கூடப் போகவில்லை.

விதைக்கென்று அவர் விட்டுவைத்திருந்த காய் கொடியிலேயே பழுத்து வற்றியது. விதையை எடுத்துக்கொண்டு, அவர் போட்ட முடிச்சை அவிழ்க்காமல், கல்லை நூலோடு பந்தல் கம்பியில் மாட்டினாள். அது நேராகத்தான் தொங்குகிறது.