தீபாவளிக்கு எடுத்த லீவு

பயிற்சி முடிவுப் பாரம் முழுவதையும் மதுமதியே பூர்த்தி செய்து கொண்டுவந்திருந்தாள். ஆடிட்டர் நாச்சிமுத்து செய்ய வேண்டியது ஒரு கட்டத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான். இரண்டு வருடப் பயிற்சியில் இந்தப் பெண் இதுவரை எத்தனை நாள் விடுப்பு எடுத்தாள் என்பது அந்த எண். பதினாறு என்று எழுதியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, நிதானமாக, முப்பத்தாறு என்று எழுதினார்.

மதுமதிக்கு முதலில் கோபம் வரவில்லை. மனிதருக்கு நூறு வேலை, ஏதோ ஞாபகத்தில் எழுதிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

"சார், பதினாறுதானுங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணுனப்ப பன்னெண்டு, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு. அவ்வளவுதானுங்க."

"ரெஜிஸ்டர்ல முப்பத்தாறுன்னு இருக்குது கண்ணு. ரெஜிஸ்டர் பொய் சொல்லுமா?"

ஆடிட்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் பாஸ் செய்தால் போதாது. இன்னொரு ஆடிட்டரிடம் இரண்டு வருடம் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஆடிட்டர்களின் இன்ஸ்டிடியூட் தரும் விடுப்பு இருபத்து நான்கு நாள். அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு நாளையும் கூடுதலாக வேலை செய்து கழிக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் போனால்தான் கடைசிப் பரீட்சை எழுதலாம். மதுமதிக்கு இந்த அக்டோபர் முப்பத்தொன்றோடு பயிற்சி முடிகிறது. அப்படி முடிந்தால் மே மாதப் பரீட்சைக்கு அவள் உட்காரலாம். ஒரு நாள் தள்ளினாலும் மே போயிற்று. நாச்சிமுத்து தள்ளியது பன்னிரண்டு நாள்.

"எப்புடியும் மே போச்சு. அதனால டிசம்பர் வரைக்கும் இங்கயே இரு. ஜிஎஸ்டி வருஷ ரிட்டன் எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டு நிம்மதியாப் போ. என்ன அவசரம்? ஊட்டுல மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டாங்களா?" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

அங்கேதான் அவளுக்குப் புரிந்தது. ஞாபக மறதியும் இல்லை, ஒன்றும் இல்லை. டிசம்பர் வேலைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் பயிற்சி முடித்துப் போன யாழினியும் இப்படித்தான் ஒரு பரீட்சையை விட்டாள். அவள் லீவு நிறைய எடுத்துவிட்டாளாம் என்று அலுவலகமே பேசியது. மதுமதியும் கூடச் சேர்ந்து பேசினாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ரெஜிஸ்டரைக் கேட்டாள். மேனேஜர் சித்ரகலா கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக நின்றாள். போன தீபாவளிக்குப் பத்து நாள் லீவு. அதற்கு முந்தின தீபாவளிக்குப் பத்து நாள் லீவு. இரண்டு பக்கத்துக்கும் கீழே மதுமதியின் கையெழுத்து, அழகாக, அடிக்கோடு போட்டு.

அந்தக் கையெழுத்து வந்த கதை அவமானமான கதை. இரண்டு வருடமும் அவளை உட்கார வைத்திருந்தது முதலிபாளையத்தில், இந்த ஆடிட்டரிடம் கணக்குப் பார்க்கிற ஒரு பனியன் கம்பெனியில். ரெஜிஸ்டரோ டவுன் அலுவலகத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சித்ரகலா கூப்பிடுவாள். "சார் அப்பறமா ஃபில் பண்ணிக்குவாரு, நீ போட்டுட்டுப் போ கண்ணு" என்பாள். இவளும் வெறும் கட்டங்களுக்குக் கீழே போட்டுவிட்டுப் பஸ் பிடிப்பாள். ஊரான் வவுச்சரில் ஒரு கையெழுத்துக் குறைந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். படித்த முட்டாளுக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

"தீபாவளிக்கு நான் வேலை பாத்தனுங்க சார்."

"தீபாவளிக்குப் பத்து நாள் ஊரே மூடிக்கெடக்குது. நீ மட்டும் எங்க வேலை பாத்த?"

எங்கே வேலை பார்த்தாள் என்று இவருக்குத் தெரியாதா? அனுப்பியதே இவர்தானே. வடநாட்டுப் பிள்ளைகள் ரயிலேறி, தென்மாவட்டத்து ஆட்கள் பஸ் ஏறி, மெஷின் எல்லாம் நின்ற பிறகுதான் சரக்கை நிம்மதியாக எண்ண முடியும். அதனால் தீபாவளிக்கு மறுநாளே பூட்டிய கம்பெனிக்குள் போனாள், முதல் வருடம் தனியாக, போன வருடம் பயிற்சியில் அவளுக்கு ஒரு வருடம் இளையவனான முகமது ரபீக்கோடு. மெயினை அணைத்துவிட்டதால் மின்விசிறி இல்லை. கேன்டீன் இல்லை. வெளியே டீக்கடைகூட இல்லை. துணி ரோலை ஒவ்வொன்றாகத் தராசில் தூக்கிவைத்து, எடையை எழுதி, இறக்கி, அடுத்ததை ஏற்றி, பஞ்சுத் தூசி மூக்கில் அடைத்துப் பத்து நாள். பல்லடத்தில் தறி ஓட்டுகிற அவள் அப்பா சாமியப்பன், பண்டிகை நாளில்கூட மகள் வீட்டில் தங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே தூக்குப் போசியில் சோறு கட்டிக் கொடுத்தார். அந்தப் பத்து நாளைத்தான் இந்த மனிதர் லீவு என்று எழுதியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர் பூசணித் தோட்டத்தையே மறைக்கிறார்.

அழுதுவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இவர் முன்னால் அழுவதைவிட மே பரீட்சையையே விட்டுவிடலாம். விருட்டென்று வெளியே வந்து, ஃபைல் அடுக்கின் முன்னால் நின்றாள். ரபீக் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தான்.

"அக்கா, விட்டுருங்க. பெரிய மனுசரப் பகைச்சுக்கிட்டு இந்த ஊர்ல தொழில் பண்ண முடியாதுங்க்கா."

"உனக்கும் போன தீபாவளிக்குப் பத்து போட்டிருக்காரு. போய் ரெஜிஸ்டரப் பாரு" என்றாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

முதலிபாளையத்துக் கம்பெனியின் ஃபைல்கள் இரண்டு, வருடத்துக்கு ஒன்று. எந்தத் தாள் எங்கே இருக்கும் என்று அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும், அடுக்கியவளே அவள்தானே. இரண்டையும் கொண்டுபோய் நாச்சிமுத்துவின் மேசையில் விரித்து வைத்தாள். இரண்டிலும், கம்பெனியின் வங்கிக் கடனுக்காக ஆடிட்டர் கொடுத்த சரக்குச் சான்று. மேலே தேதிகள், தீபாவளிக்கு மறுநாளிலிருந்து பத்து நாள். 'எங்கள் பயிற்சியாளர் மதுமதி இந்நாட்களில் நேரில் இருந்து எடை போட்டுச் சரிபார்த்தார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே நாச்சிமுத்துவின் கையெழுத்து, சீல்.

"அந்தப் பத்து நாளும் நான் லீவுன்னா, இந்தச் சரக்க எண்ணுனது ஆருங்க சார்?"

அவர் தாளைப் பார்த்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"மிரட்டறயா?"

"இல்லீங்க, கேக்கறனுங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யுங்க. எதுன்னு நீங்களே சொல்லிருங்க. ரெஜிஸ்டர்தான் நெசம்னா, பாரத்தோட இந்தத் தாளோட காப்பியையும் சேத்து இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பிடறனுங்க. பேங்குக்கும் ஒண்ணு."

நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்கப்பன் இதே எடத்துல கையக் கட்டிட்டு நின்னு கேட்டான். அவன் மூஞ்சிக்காகத்தான் உன்னயச் சேத்துனேன். அத மறந்துட்டுப் பேசற."

அது சுருக்கென்று தைத்தது. அப்பாவை அவன் என்கிறார். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அவரு ஒரு நாள் நின்னதுக்கு நான் ரெண்டு வருஷம் எண்ணிக் குடுத்துட்டனுங்க. எழுதுங்க சார்."

சித்ரகலா ஓரத்திலிருந்து தொண்டையைச் செருமினாள். "சார், பேங்க்காரங்க பாத்தா வம்புங்க" என்றாள், மெதுவாக. இத்தனை நேரம் அவள் பேசியது அது ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது.

நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். முப்பத்தாறை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டார். ரெஜிஸ்டரில் இரண்டு தீபாவளியையும் அடித்தார். மதுமதி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள்.

"ரபீக்கோட பக்கத்தையும் பாத்துருங்க சார். போன வருஷத் தாள்ல அவன் பேரும் இருக்குதுங்க."

அதையும் அடித்தார். பேனாவை மூடிவைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் குரல் பழையபடி இனிப்பாகிவிட்டது. இந்த மாதிரி மனிதர்களுக்கு அது ஒரு வரம்.

"சரி கண்ணு, போனது போகட்டும். அடுத்த வாரம் தீபாவளி வருது. முதலிபாளையத்துல ஸ்டாக் எடுக்கோணும். எப்பவும்போல நீயே போயி முடிச்சுக் குடுத்துட்டீன்னா..."

மதுமதி அவர் மேசையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவி எழுதினாள். இருபத்து நான்கில் பதினாறு போக மிச்சம் எட்டு, எடுத்தாலும் மே தள்ளாது. தீபாவளிக்கு மறுநாள் தொடங்கி எட்டு நாள்.

"எனக்கு லீவுங்க சார்" என்று அவர் முன்னால் நகர்த்தினாள். "தீபாவளிக்கு ஊரே மூடிக்கெடக்குது. நான் மட்டும் எங்க போயி வேலை பாக்கறது?"

சித்ரகலா ரெஜிஸ்டரை வழக்கம்போல் அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். எட்டுக் கட்டத்தையும் முதலில் மையில் நிரப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் மதுமதி பேனாவை வாங்கினாள்.