தூரத்துச் சொந்தம்

பிரபஞ்சத்தில் முதன்முதலாக உருவான கேலக்ஸிகளைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. அப்படி ஒன்று அகப்பட்டால் அதற்குத் "தூரத்துச் சொந்தம்" என்று பெயர். அருகிலேயே இருந்துகொண்டு, தூசியைப் போர்த்தித் தூரத்ததுபோல் சிவப்பாகத் தெரியும் போலிக்குப் "பக்கத்து வீட்டுக்காரர்". அவரிடம் ஏமாறாதவர்கள் இந்தத் தொழிலில் யாருமில்லை.

நானும் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, முதல் தலைமுறையேதான் என்று தொண்டை வறளப் பேசித் தொலைநோக்கி நேரம் வாங்கியிருந்தேன். சொன்னது சரியென்றால் வேலை தொடரும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்து, அண்ணன் பார்த்துவைத்திருக்கும் காப்பீட்டு அலுவலக நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்; ஆய்வகத்தில் எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன்.

காலையில் படங்கள் வந்தன. புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர். சந்தேகத்துக்கே இடமில்லை.

இடமில்லாவிட்டாலும் சந்தேகம் வந்து பின்னால் நின்றார். எதையும் நம்பாத எங்கள் மூத்த ஆய்வாளருக்கு அதுதான் பட்டப்பெயர். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார் எனப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ திரையின் ஓரத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு திட்டைத் தட்டினார்.

"இது என்னம்மா?"

"அழுக்கு சார். கேமராக் கறை. துடைப்பம் தள்ளிருச்சு."

படங்களைச் சுத்தம் செய்ய நான் எழுதிய நிரலுக்குத் துடைப்பம் என்று பெயர்.

"துடைப்பத்த யாரு எழுதினா?"

"நான்தான்."

"அப்ப நம்ப மாட்டேன்."

மனிதர் அழுக்கைக்கூட நம்ப மாட்டாரா! அவர் வாயை அடைக்கவே பெருக்காத படங்களை எடுத்துப் போட்டேன். தொலைநோக்கியை இம்மி இம்மியாக நகர்த்தித்தான் படம் எடுப்போம். கேமராக் கறை நின்ற இடத்திலேயே நிற்கும். வானத்தில் இருப்பதுதான் இடம் மாறும்.

அது மாறியது. ஒவ்வொரு படத்திலும் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்தே இடம் மாறியது.

அதன் ஒளியையும் பிரித்தேன். சிவப்புக்கும் அப்பால் மங்கலாக ஒரு வெளிச்சம். ஓரிடத்தில் கத்தி வைத்தாற்போல் வெட்டு. அதற்கு இந்தப் பக்கம் கும்மிருட்டு. ஆதிகாலத்து ஹைட்ரஜன் மூட்டம் விழுங்கியதுபோக மிச்சம். தூரத்துச் சொந்தமேதான். சந்தேகம் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கு மறுபடி சந்தேகப்படுவேன். இன்னிக்கு முடியல. ஒப்பந்தத்த நீட்டிக்கச் சொல்லி நானே எழுதறேன். அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு உங்க அண்ணன்கிட்ட."

சந்தோஷம் தாங்காமல் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். ஆயிரத்து முந்நூறு கோடி வருடத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம், இன்றைக்கு என் மேசைக்கு வந்திருக்கிறது, அதைப் போய் அழுக்கென்று நினைத்துவிட்டேன் என்று உளறிக்கொட்டினேன்.

"ஏன்டி, அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்களயா துடைப்பத்தால தள்ளுன?" என்றாள் அம்மா. "இதுவரைக்கும் இன்னும் எத்தன பேரத் தள்ளுனியோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இதுவரை பார்த்த படங்கள் அத்தனையும் துடைப்பம் பெருக்கியவை. போனை வைத்துவிட்டு, அது தள்ளிய குப்பையைக் கிளற உட்கார்ந்தேன்.