கூரையை எடுத்து வந்தவர்கள்

விடிவதற்குள் நகர மன்றத்தின் மாடிப்படிகளைத் துடைத்து முடிக்க வேண்டும். மேலிருந்து கீழாக, குனிந்தபடியே, பின்பக்கமாக இறங்கிக்கொண்டே துடைப்பதுதான் முறை. முன்பக்கமாக இறங்கினால் துடைத்த படியில் தன் காலே பதிந்து தொலைக்கும். நடுவில் நிமிர்ந்தால் இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும். ஆகவே பினாயிலக்கா நிமிர்வதே இல்லை.

அந்தப் பெயரை வைத்தது அவளோடு வேலை செய்யும் பெண்கள்தான். எந்தச் சோப்பைப் போட்டாலும் பினாயில் வாசனை அவளை விட்டுப் போனதில்லை. விரலிடுக்குகள் வெந்து வெளுத்துக் கிடக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியே நடந்து வந்த மாதிரி இருக்கும்.

படி முடிந்தால் கூட்ட அறை. முந்தின நாள் மாலை அங்கே வீட்டு ஒதுக்கீட்டுக் குழு கூடியிருந்தது. ஏழைகளைப் பற்றிப் பேசினால் பெரிய மனிதர்களுக்குப் பயங்கரமாகப் பசிக்கும் போலிருக்கிறது. நாற்காலிக்கு அடியில் முந்திரித் துணுக்கு, பிஸ்கட் உறை. மேசைக்கு அடியில் யாரோ ஒரு மக்கள் பிரதிநிதி ஒட்டிவைத்த சூயிங்கம். அதைக் கத்தியால் சுரண்டும்போதுதான், முந்தின நாள் காப்பிக் கோப்பை எடுக்க வந்தபோது காதில் விழுந்த பேச்சு அவளுக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. குழுத் தலைவர் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இவங்களுக்குப் புது வீடு குடுத்தா ஒரே மாசத்துல நாறடிச்சிருவாங்க. பன்னிக்கு எதுக்குய்யா பளிங்குத் தரை?"

எல்லாரும் சிரித்தார்கள். அதே பளிங்குத் தரையில் சிந்திய காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

அந்த நினைப்பில் சுரண்டிக்கொண்டிருந்தபோது நெட்டை ஓடிவந்தாள். குடியிருக்கும் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி, கூடவே வேலை செய்கிறவள். உத்தரத்தில் இடித்துக்கொள்ளாமல் தன் வீட்டுக்குள் அவளால் நிமிர்ந்து நிற்க முடியாது.

"அக்கா! மத்தியானம் நம்ம வரிசையைப் பாக்க அதிகாரி வராராம்!"

புது வீடு வேண்டும் என்று விண்ணப்பித்தவர்களுக்கு மன்றம் புள்ளி போடும். சுவர் ஈரமாயிருந்தால் புள்ளி, கூரை ஒழுகினால் புள்ளி, நோயாளி இருந்தால் புள்ளி. கஷ்டத்தை எடைபோட ஒரு தராசு. தராசைப் பிடிக்கிறவருக்கு மட்டும் சொந்த வீடு உண்டு.

பினாயிலக்காவுக்குப் புள்ளியா முக்கியம்? நெஞ்சில் அந்தப் பன்றிதான் உறுமிக்கொண்டிருந்தது. "நாறடிச்சிருவாங்களாமே! வரட்டும். தரையில மூஞ்சி பாத்துத் தலை சீவிக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

அங்கேதான் பிழை நடந்தது. துடைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை.

ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒற்றை அறைகளைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு காலைக்குள் புரட்டிப் போட்டார்கள். சுவரில் படர்ந்திருந்த கரும்பூஞ்சையைத் தேய்த்து, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். பாயை மடித்து மறைத்தார்கள். யாரோ ஒரு நாற்காலி இரவல் வாங்கி வந்தார்கள். அது அதிகாரிக்கு முன்னால் வீடு வீடாகப் பின்வாசல் வழியே ஓடுவதாக ஏற்பாடு.

ஒழுகலுக்கு வைக்கும் சட்டி, குண்டான், வாளிதான் பெரிய பாடு. அதிகாரி இன்னும் பார்க்காத வீட்டுச் சட்டி பார்த்து முடித்த வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த சந்துக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூலையில் உட்கார்ந்திருந்தான் பினாயிலக்காவின் புருஷன். சிமெண்டு மூட்டை சுமந்து சுமந்து நுரையீரலே கெட்டித்துப்போனவன். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். ஊரே அவனை 'விசில்' என்றுதான் கூப்பிடும். இந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எல்லாத்தையும் ஒளிச்சிட்டியே, என்னை என்ன பண்ணப்போற?" என்றான்.

அவள் தயங்கினாள். "கொஞ்ச நேரம் தெருமுனையில போய் உக்காருங்களேன்."

"சரிதான். வீட்டுல உடைஞ்ச சாமான் இருக்கக்கூடாதில்ல." சிரித்துக்கொண்டே, விசிலடித்துக்கொண்டே எழுந்து போனான்.

அதிகாரி வந்தார். எங்கே போனாலும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர். அதனால் அவருக்கு 'கர்ச்சீப்' என்று பெயர். பினாயிலக்கா வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தார். மெல்ல, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"பரவாயில்லையே! எங்க வீட்டை விட சுத்தமா இருக்கே!"

பினாயிலக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று ராத்திரி அதைப் புருஷனிடம் ஏழு தடவை சொன்னாள். பாவம்.

முடிவு தெரிந்த அன்று, கையில் துடைப்பத்தோடே அவள் கர்ச்சீப்பின் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். பின்னால் நெட்டையும் மற்றவர்களும்.

"உங்க வரிசையில யாருக்கும் இல்லம்மா. புள்ளி போதலை."

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு..."

"நான் வந்தப்ப நோயாளி யாரும் இல்லையே. சுவர் வெள்ளையா இருந்துச்சு. ஒழுகல் இல்லை. நாற்காலி வேற போட்டிருந்தீங்க. எல்லா வீட்டுலயும் நாற்காலி!"

நெட்டை முன்னால் வந்தாள். "அது ஒரே நாற்காலிங்கய்யா."

"இப்ப சொல்லி என்ன பண்ண? கொஞ்சம் அழுக்கா வெச்சிருந்தா குடுத்திருப்போம்."

"அழுக்கா இருந்தா பன்னிங்கன்னு சொல்றீங்க. சுத்தமா இருந்தா சொகுசுன்னு சொல்றீங்க" என்றாள் பினாயிலக்கா. "நாங்க எப்படித்தான் இருக்கணும்? அதையும் நீங்களே சொல்லிடுங்க."

கர்ச்சீப் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வீடு பாக்கி இருக்கு. உங்கள்ல யாரு ரொம்ப மோசமோ, அவங்க மட்டும் தனியா வந்து பாருங்க."

எலும்பை நடுவில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மனிதர் வேலை தெரிந்தவர்.

சாயங்காலமே பலன் தெரிந்தது. குழாயடியில் நெட்டை ஆரம்பித்தாள்: "என் பிள்ளைங்க மூணும் ஒரே பாயில ஒருத்தி மேல ஒருத்தி படுக்குதுங்க."

"படுக்கவாவது செய்யுதுங்களே! எங்க வீட்டுல ஒரு மனுஷன் உக்காந்துதான் தூங்குறான்!" என்றாள் பினாயிலக்கா.

"நீதானேக்கா சுண்ணாம்பு அடிக்கச் சொன்ன? உன் ரோஷத்துக்கு எங்க புள்ளி போச்சு!"

அது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. பினாயிலக்கா குடத்தைக் கூட நிரப்பாமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தனியாகப் போய்க் கர்ச்சீப்பைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கவும் செய்தாள். புருஷனின் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிற எவளும் யோசிப்பாள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் மழை இறங்கியது. சுண்ணாம்பு கரைந்து சுவரில் பால் போல வழிந்தது. அதற்குப் பின்னாலிருந்து பூஞ்சை, எங்கும் போகவில்லை என்று எட்டிப் பார்த்தது. கூரை ஒழுகத் தொடங்கியது. சட்டியைத் தேடினால் சட்டி இல்லை! கைமாறிய அவசரத்தில் யார் வீட்டுச் சட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

பேசாமல் இருந்தவர்கள் எல்லாரும் மழையில் நனைந்தபடி கதவு கதவாகத் தட்டினார்கள்.

"அக்கா, என் ஈயக் குண்டான் உங்கிட்டயா?" பினாயிலக்கா வாசலில் நெட்டை நின்றாள்.

"இருக்கு. ஆனா ரொம்பிக்கிட்டு இருக்கே, எப்படி எடுப்ப? என் வாளி எங்கடி?"

"அது எங்க வீட்டு ஒழுகலுக்கு அடியில."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெட்டைக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தி வீட்டு ஒழுகலை இன்னொருத்தி பாத்திரம் ஏந்திக்கொண்டிருந்தது. இதில் யார் ரொம்ப மோசம் என்று எந்த மகராசன் பிரித்துச் சொல்வான்?

மூலையிலிருந்து விசில் சொன்னான்: "அவருதான் ஒழுகலையே பாக்கலைங்கிறாரே. கொண்டுபோய்க் காட்டுறதுதானே மரியாதை?"

பொழுது விடியும் முன், வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். துடைப்பத்துக்குப் பதில் கையில் ஒழுகல் தண்ணீர் தளும்பும் சட்டிகள். விசிலை நெட்டை முதுகில் தாங்கிக்கொண்டாள். மாடிப்படி நெடுக நீர் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை. கூட்ட அறையின் நீள மேசை மேல், குப்பென்ற வீச்சத்தோடு, வரிசையாகச் சட்டிகள் உட்கார்ந்தன. தலைவரின் நாற்காலியில் விசிலை உட்காரவைத்தார்கள். முன்னாலிருந்த மைக்குக்கு எந்தப் பொத்தான் என்று, தினமும் அதைத் துடைக்கிற பினாயிலக்காவுக்குத் தெரியாதா?

தலைவர் வந்தபோது அவன் மூச்சு அறை முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தது.

"என்ன இது அசிங்கம்?"

"எங்க கூரைங்கய்யா" என்றாள் பினாயிலக்கா. "உங்க அதிகாரி கண்ணுல படலைன்னு அதுவே கிளம்பி வந்திருக்கு."

"பாக்கி இருக்கிற வீட்டை உனக்கே தரச் சொல்றேன். இதையெல்லாம் எடு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மைக்கில் விசில் ஓயவில்லை. பினாயிலக்கா புருஷனைப் பார்த்தாள். மூச்சுக்குத் தவித்துக்கொண்டே அவன் தலையை இடவலமாக ஆட்டினான்.

"தனியா வேண்டாங்கய்யா. எல்லா வீட்டையும் மறுபடி வந்து பாருங்க. மழையில வாங்க. சொல்லாம வாங்க."

"நாளைக்கே வேற ஆளை வெச்சுத் துடைக்க எனக்குத் தெரியாதா?"

"வைங்க. அவங்களும் எங்க பக்கத்து வரிசைதான். அவங்க வீடும் ஒழுகுது" என்றாள் நெட்டை.

தலைவர் காதைப் பொத்தினார். "முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்கய்யா!"

விசில் மைக்குக்கு அருகே குனிந்தான். "நிறுத்தத்தான் ஐயா வீடு கேக்குறோம்."

வாசலில் நின்ற கர்ச்சீப் பழக்கதோஷத்தில் மூக்கைப் பொத்தினார். தலைவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரைக் கூப்பிடுகிறார், போலீஸையா, இன்னும் பெரிய தலைவரையா, தெரியவில்லை.

மேசை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு பளிங்குத் தரையில் விழுந்து பரவியது. பினாயிலக்காவின் கை, அவளைக் கேட்காமலே, மூலையில் கிடந்த துடைக்கும் துணியை நோக்கிப் போனது.

நெட்டை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுக்கா. இன்னிக்கு அது அங்கேயே கிடக்கட்டும்."

கீழே மாடிப்படியில் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது. பினாயிலக்கா படியருகே போய் எட்டிப் பார்த்தாள். சேதி கேட்டுக் கிளம்பி வந்த பக்கத்து வரிசைப் பெண்கள், குப்பை வண்டிக்காரர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள். தங்கள் வீட்டு ஒழுகல் சட்டிகளைத் தளும்பத் தளும்பக் கைமாற்றிக்கொண்டே, ஈரப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பினாயிலக்கா முதல் முறையாக அந்த மாடிப்படியின் உச்சியில் நிமிர்ந்து நின்றாள். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று, மேலே வந்த முதல் சட்டியை வாங்கக் கையை நீட்டினாள்.