மூச்சோடு நகர்கிறதா?

சொந்தக்காரர்களுக்கு நான் ஸ்கேன் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். தம்பி வந்து படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டதும் அது காற்றில் பறந்தது.

"வேற யார்கிட்டயும் காட்ட மாட்டேன்க்கா. நீயே பாரு."

இதே ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவன். ஊருக்கெல்லாம் நெஞ்சுப் படம் எடுத்தவனுக்குத் தன் இருமலைப் பற்றி மட்டும் ஆறு மாதம் அக்கறை வரவில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் போன வாரமே திட்டித் தீர்த்துவிட்டேன்.

சி.டி. படத்தில் வலது நுரையீரலின் ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. நெஞ்சுச் சுவர்மேல் சும்மா சாய்ந்திருக்கிறதா, உள்ளே வேர் விட்டிருக்கிறதா என்று அதில் தெரியவில்லை. சர்ஜன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். மூச்சு விடும்போது கட்டியும் சேர்ந்து நகர்கிறதா? நகர்ந்தால் சுலபமாக எடுத்துவிடலாம். நகராவிட்டால் விலா எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஜெல்லைத் தடவியதும் நெளிந்தான். "ஐயோ, ஜில்லுன்னு இருக்கு!"

"நாப்பத்தஞ்சு வயசாச்சு, சும்மா படுடா."

கருவியை விலாவுக்கு நடுவே அழுத்தினேன். திரையில் கட்டி கருப்பாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி, இருபது விநாடி. ஆணி அடித்த மாதிரி நின்றது. சர்ஜனிடம் சொல்லிவிடலாம், இவனிடம் எப்படிச் சொல்வேன்?

"அக்கா, எவ்வளவு நேரந்தான் பிடிச்சு வெச்சிருக்கிறது? விடலாமா?"

திரும்பினேன். கேட்டுவிட்டு மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து கிடந்தான். வருகிறவர்களிடமெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மடையன், தன் முறை வந்ததும் யாரும் சொல்லாமலே பிடித்துவிட்டான். அவனைப் பார்க்காமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்த நான் அவனைவிடப் பெரிய மடச்சி.

"யாருடா உன்னைப் பிடிக்கச் சொன்னது? விடுடா, எருமை!"

விட்டான். கட்டி சுவரை உரசிக்கொண்டு மெல்ல மேலே போனது. இழுத்தான், கீழே இறங்கியது. ஒட்டவில்லை. என்ன கட்டி என்று ஊசி குத்தி எடுத்துத்தான் பார்க்க வேண்டும், அந்தக் கவலை பாக்கி இருக்கிறது. ஆனாலும் எடுத்துவிடலாம்.

பதிவு செய்ய மூன்று மூச்சு போதும். பத்து மூச்சுக்கு மேலேயே ஆகிவிட்டது, நான் கருவியை எடுக்கவில்லை.

"இன்னுமாக்கா தெரியல?"

"அதெல்லாம் அப்பவே தெரிஞ்சிடுச்சு," என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ பாட்டுக்கு மூச்சு விட்டுட்டே இரு."