சும்மா வைத்த குடுவை

ஊதா வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டது. திருப்பதியில் அந்தச் சின்ன ஆய்வகத்தின் ஜன்னலோரம் நின்று ரூபா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். ஊதாப் புள்ளி அங்கேயேதான் இருந்தது, சனியன்.

ஐந்து வருடமாக அவள் செய்துவந்தது இதுதான். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், ஆதி பூமியில் இருந்திருக்கக்கூடிய வாயுக்கள், உள்ளே ஒரு வாரம் விடாமல் மின்பொறி. பிறகு அந்தத் தண்ணீரைக் காகிதத்தில் ஊறவிட்டு மருந்து தெளித்தால், உயிருக்கு வேண்டிய அமினோ அமிலம் உண்டாகியிருந்தால் ஊதா தெரியும். பக்கத்தில் இன்னொரு குடுவை. அதே தண்ணீர், அதே வாயு, பொறி மட்டும் கிடையாது. அதில் ஒன்றும் வரக்கூடாது. வராமல் இருந்தால்தான் முதல் குடுவையில் வந்ததைப் பொறியின் வேலை என்று சொல்ல முடியும். ரூபா அதற்குச் சும்மா குடுவை என்று பெயர் வைத்திருந்தாள்.

பெயர் வைத்ததோடு சரி. முதல் வருடம் முழுக்க அது சுத்தமாகவே இருந்ததும், இதற்கு வேறு வாரக்கணக்கில் தண்டமா என்று விட்டுவிட்டாள். புத்தி எங்கே போயிருந்ததோ! ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒப்புக்கு ஒரு தடவை வைத்தாள். ஊதா. கையுறை மாற்றி, குடுவையைச் சுட்டெடுத்து மறுபடி வைத்தாள். ஊதா. இது மூன்றாவது. விரல் அழுக்கா, தண்ணீரில் கிருமியா, எந்த மாதத்திலிருந்து? இடையில் செய்த நாற்பத்தொரு சோதனையில் எந்தப் புள்ளி பொறியால் வந்தது, எது அழுக்கால் வந்தது என்று அந்தப் பிரம்மாவே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. முனைவர் பட்டத்துக்கான பதிவுக் காலமோ இந்த மாதத்தோடு முடிகிறது.

கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? அறையில் வேறு ஆளில்லை. ஓரம் கொஞ்சம் கிழியவும் செய்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, 'சும்மா குடுவை: ஊதா' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தூரிலிருந்து அப்பா முனிரத்தினம் கூப்பிட்டார். மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் முப்பது வருடமாக இருப்பவர். அடைத்த டப்பாவில் நாலைந்தை எடுத்துவைத்து, உள்ளே கிருமி வளர்ந்து ஊதுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒன்று ஊதினாலும் அதோடு சேர்த்து அடைத்த லாட் முழுக்கக் குழிக்குப் போகும். "டப்பால உயிரு வந்தா எங்களுக்கு நஷ்டம், உனுக்கு வந்தா பட்டம்" என்று எப்போதும் கேலி செய்வார்.

"இன்னாமா, உயிரு வந்துச்சா?"

"வந்துச்சு நைனா."

"அப்படிப் போடு! இரு, உங்கம்மாவக் கூப்புடறேன்..."

"சும்மா வெச்ச குடுவைல வந்துச்சு நைனா."

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அய்யோ தேவுடா," என்றார் மெதுவாக. "அப்போ மொத்த லாட்டும் குழிக்காமா?"

"மொத வருசம் தவுர எல்லாம், நைனா."