சுவரோரத்து மண்

டைல்ஸ் போடுகிறவனுக்கு வெறும் தரையைக் கண்டால் கை ஊறும். அது தொழில் செய்கிற கோளாறு. அவனும் விதிவிலக்கில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்ப்பான். எந்த மூலையில் டைல்ஸுக்கு அடியில் காலியாக இருக்கிறது என்று கால் பெருவிரலால் தட்டியே கண்டுபிடித்துவிடுவான். இப்படிப்பட்டவனிடம் போய் அத்தை பூப்பாத்தியை ஒப்படைத்தார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. மாமா திடீரென்று தவறிப்போய் மூன்று மாதம் கழித்து, அத்தையைத் தனியாக விட மனமில்லாமல், அவனும் மனைவியும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அத்தை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் அத்தை அவனிடம் ஒரு வேலை சொன்னதில்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?", "ஃபேன் போடட்டுமா மாப்பிள்ளை?" இவ்வளவுதான். குளியலறையில் குழாய் ஒழுகினால்கூட வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவார். தினம் தினம் குழாய்க்காரர்களோடு தோளுரசி வேலை செய்கிறவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். மரியாதைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் விருந்தாளியாகவே இருப்பது? அவனுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

காலையில் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புவான். சமையலறையில் விளக்கு எரியும், அத்தை விழித்துத்தான் இருப்பார். அங்கே போய் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று தெரியாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி வாசலைத் தாண்டுவான்.

அத்தையின் அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன். துணைக்குப் பன்னிரண்டு நாள் போய் இருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அத்தை, கேட் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வெயில் இப்படிக் காயுது. காலையில தண்ணி விட்டா மத்தியானம் மண்ணு பாளமா வெடிச்சுடுது. பூப்பாத்திக்கு மேல ஏதாவது போட்டு மூடினா தேவலை. உங்களுக்கு நேரம் இருந்தா பாருங்க."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை கையாட்டிக்கொண்டே நின்றான்.

அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போய்விட்டான். நர்சரிக்காரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எதிரில் வந்தவரின் அறிவை அளந்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிற ரகம்.

"மூடாக்குக்கா? மண்ணு மேல போட்டு மூடத்தானே? என்ன செடி வெச்சிருக்கீங்க?"

"பூச்செடிங்க."

"அது தெரியுது. என்ன பூ?"

"சிவப்பா இருக்கும். முள்ளு கூட இருக்கு."

"ரோஜான்னு ஒரு பூ இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டு அந்தம்மா வரிசையாக மூட்டைகளைப் பிரித்துக் காட்டினார். வைக்கோல் இருந்தது. தேங்காய் நார்ச் சில்லு இருந்தது. செங்கல் நிறத்தில் சாயம் ஏற்றிய மரச்சில்லு, வெள்ளைக் கூழாங்கல், மரப்பட்டைத் துண்டு எல்லாம் இருந்தன.

அவன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்த தினுசு இருக்கிறதே, பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான். வைக்கோல் காற்றுக்குப் பறக்கும், வேண்டாம். சாயச் சில்லைத் தண்ணீரில் நனைத்துத் தன் கைக்குட்டையில் தேய்த்தான், கைக்குட்டை சிவந்தது, வேண்டாம். கூழாங்கல் அவன் மனதுக்குப் பிடித்திருந்தது, அது தரை ஜாதி. ஆனால் வெயிலில் கல் சூடேறினால் வேர் வெந்துவிடும் என்று நர்சரிக்காரம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியில் மரப்பட்டை. கரும்பழுப்பு நிறம், ஒரே அளவு, மழை பெய்த மரத்தடி வாசனை. ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், சுவர் நிறத்தோடு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"அடியில களை வராம இருக்க இந்தக் கறுப்புத் துணியையும் விரிக்கலாம். தண்ணி இறங்கும், வெளிச்சம் இறங்காது" என்ற நர்சரிக்காரம்மா, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபடி கேட்டார். "மண்ணுல விதை ஏதாவது கெடக்கா? இருந்தா சொல்லிடுங்க. துணிக்கு அடியில மாட்டினா அதுங்க கதை அவ்வளவுதான்."

"ரோஜாவைத் தவிர ஒண்ணும் இல்லம்மா. சுவரோரம் பூரா வெறும் மண்ணு."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான்.

அடுத்த இரண்டு நாள் விடுப்பு எடுத்து வேலையில் இறங்கினான். நூல் பிடித்தான். மட்டம் சரியா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தான். பூப்பாத்திக்கு ரசமட்டம் வைத்த முதல் ஆள் உலகத்திலேயே அவனாகத்தான் இருக்கும். ரோஜாத் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடச் சொல்லியிருந்தார்கள், விட்டான். ரோஜாக்களுக்குப் பின்னால் மதில் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதை அப்படியே விட்டால் தொழில்காரன் மானம் என்ன ஆவது? துணியை விரித்து, கம்பி அடித்து இறுக்கி, சுவரோரம் வரைக்கும் மூன்று அங்குலம் பட்டையைப் பரப்பினான். பட்டை அமரட்டும் என்று தினமும் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் விட்டான். டீச்சர் வேலை பார்க்கும் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்து, "என்னங்க, ஹால் மாதிரி இருக்கு, சோபா போட்டுடலாமா?" என்றாள். அவனுக்கு ஒரே பெருமை.

பன்னிரண்டாம் நாள் மாலை அத்தை வந்தார். பையைக் கீழே வைக்காமலே பாத்தியைப் பார்த்தார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

அத்தையின் கண் ரோஜாக்களைத் தாண்டிச் சுவரோரத்துக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக, "ரொம்ப அழகா இருக்கு மாப்பிள்ளை. எவ்வளவு வேலை செஞ்சிருக்கீங்க!" என்றார். உள்ளே போய், பயணத்தில் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டார். சாப்பிட எழுந்திருக்கவில்லை.

மனைவி போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ பேசினாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவளின் மூக்கு சிவந்திருந்தது.

"அந்தச் சுவரோரம் அப்பாவோடதுங்க" என்றாள். "காசித்தும்பை. வருஷா வருஷம் தானா முளைக்கும். காய் முத்தினதும் அப்பா அங்க குந்திக்கிட்டு ஒவ்வொண்ணா விரலால அழுத்தி வெடிக்க வெப்பார். விதை அங்கேயே சிதறும். எனக்கே மறந்துபோச்சு. அம்மா சொல்லித்தான் நீங்க மூடுறீங்கன்னு நெனச்சேன்."

"அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அம்மா பாத்தின்னு சொன்னது ரோஜாவை மட்டும். அந்தச் சுவரோரத்தை அவங்க பாத்தின்னே சொல்ல மாட்டாங்க, 'அவர் இடம்'னுதான் சொல்லுவாங்க." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கேளுங்க. அப்பா போன அன்னைக்குக் காலையிலயும் அங்கதான் உக்காந்து வெடிக்க வெச்சுக்கிட்டு இருந்தாராம். ஒவ்வொரு காய்க்கும் 'போய்ட்டு வா, போய்ட்டு வா'ன்னு சொல்லுவார். பஸ் ஓட்டுனவர் இல்லையா, போறவங்க பத்திரமாத் திரும்பி வரணும்னு யாரை அனுப்பினாலும் அதுதான். அவரும் தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட அம்மாகிட்ட 'போய்ட்டு வரேன்'னு சொல்லாமப் போனதில்லை. அன்னைக்கு மத்தியானம் ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது மட்டும் சொல்லலை. சொல்ல முடியலை. 'என்கிட்டதான் சொல்லலை, அந்த விதைங்களை வரச்சொல்லி அனுப்பினாரே, அதுங்களாவது வருமான்னு காத்துக்கிட்டு இருந்தேன்டீ'ங்கறாங்க அம்மா. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம். ஆசையா செஞ்சிருக்கார், மனசு கஷ்டப்படும்னு."

அவனுக்கு, அத்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வீட்டு ஆளாக இருந்தால் திட்டியிருப்பார்கள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் விடியாததுமாக, டைல்ஸ் போடும்போது கட்டும் முட்டிப் பட்டையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் மண்டியிட்டான். மண்வெட்டியை எடுக்கவில்லை. கையாலேயே பட்டையை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டான். பார்த்துப் பார்த்துப் பரப்பியதைப் பார்த்துப் பார்த்து எடுத்தான். பிறகு கம்பிகளைப் பிடுங்கி, துணியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தான்.

துணிக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் துண்டுகள் கிடந்தன. பூஞ்சை என்று நினைத்தான். குனிந்து பார்த்தான். ஒவ்வொரு நூலின் நுனியிலும் மஞ்சளாக இரண்டு குட்டி இலை.

"அத்தை!"

அந்த வீட்டில் அவன் குரலை உயர்த்திக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அத்தை பதறிப்போய், கையில் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னாச்சு? கையை வெட்டிக்கிட்டீங்களா?"

"இது என்னன்னு பாருங்களேன்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். மூக்கு மண்ணில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"அதுதான்" என்றார். "காசித்தும்பைதான். வெளிச்சம் தேடித் தேடிக் கழுத்து நீண்டுபோச்சு, பாவம்."

"தப்பு பண்ணிட்டேன் அத்தை. வெறும் மண்ணுன்னு நெனச்சுட்டேன்."

"நீங்க தண்ணி விட்டதாலதான் முளைச்சிருக்கு. நான் எட்டு மாசமா வெறுமனே பாத்துக்கிட்டு இருந்தேனே ஒழிய, பாழாப்போன இந்தக் கையால ஒரு செம்பு தண்ணி விட்டேனா? அதைத் தொடவே மனசு வரலை." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதார். அவன் எதிரில் அவர் அழுததும் அதுதான் முதல் தடவை. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பட்டைத் துண்டைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான்.

அதற்குள் மதிலுக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது. அத்தை கண்ணைத் துடைத்துவிட்டுக் கத்தினார். "ஐயோ, ஒரேயடியா வெயில் படக் கூடாது, சுருண்டுடும்! மரம் மாதிரி உக்காந்திருக்கீங்களே, ஏதாவது எடுத்துட்டு வாங்க!"

அவன் பாய்ந்து போய்க் குடையை எடுத்து வந்தான். மனைவி எழுந்து வந்து பார்த்தபோது, கணவன் முட்டிப் பட்டையோடு மண்டியிட்டு மண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் கரண்டியால், குச்சி குச்சியாக நின்ற முளைகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பழைய கொசுவலையைக் கம்பு நட்டுப் பந்தலாகக் கட்டினார்கள்.

"இதுக்கு மேல என்ன போடறது அத்தை?" என்று கேட்டான். இந்தத் தடவை சட்டைப் பையில் எதையும் கொண்டு வரவில்லை.

"அதோ, மரத்தடியில சருகு கெடக்கு பாருங்க. நொறுக்கி, விரல் இடுக்குல விட்டுத் தூவினாப் போதும். மண்ணு தெரியணும்."

மண் தெரிய வேண்டும் என்பது அவனுக்குப் புதிது. உள்ளங்கையில் சருகை நொறுக்கி, முளைகளுக்கு நடுவே, உப்புப் போடுகிற மாதிரி தூவினான். அத்தை கூடவே குனிந்து, "அங்க அதிகம், எடுங்க. கை என்ன, கலவைக் கரண்டியா?" என்று அதட்டினார். அதட்டல் காதில் விழ விழ அவனுக்குச் சுகமாக இருந்தது.

நாற்பத்து மூன்று முளையில் பாதிக்கு மேல் இரண்டே நாளில் துவண்டு விழுந்தது. கடைசியில் ஒன்பது நின்றது. ஒன்பதும் சுவரோரம் கோணல்மாணலாக வளர்ந்து, ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளியது. வரிசை கிடையாது, இடைவெளி கிடையாது, எந்த நூலுக்கும் அடங்காது. அவன் தினமும் வேலை முடிந்து வந்து, குளிக்காமல்கூட அதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

காய் முத்திய ஒரு மாலை, அத்தை அவனை அழைத்துப் போய்ச் சுவரோரம் உட்கார வைத்தார்.

"தொடுங்க."

அவன் ஒரு காயை இரண்டு விரலால் லேசாக அழுத்தினான். அது சுருண்டு பட்டென்று வெடித்ததில் அவன் பின்னால் உட்கார்ந்தே விட்டான். அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க செய்யுங்களேன் அத்தை."

"என்னால ஆகாது. நீங்கதான் செய்யணும். சும்மா வெடிக்க வெச்சாப் பத்தாது, சொல்லணும்."

என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கூச்சமாக இருந்தது. அடுத்த காயை அழுத்தி, "போய்ட்டு வா" என்றான், யாரோ அதிகாரியிடம் பேசுவது மாதிரி. அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து காய்க்குப் பிறகு குரல் தானாகவே இளகிவிட்டது. இருட்டும் வரைக்கும் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் காலை ஆறு மணி. செருப்பைக் கையில் எடுத்தான். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவன், செருப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே திரும்பிச் சமையலறை வாசலில் போய் நின்றான்.

"போய்ட்டு வரேன் அத்தை."

அத்தையின் கை அடுப்பு மேலேயே நின்றது. அவர் திரும்பவில்லை.

"போய்ட்டு வா" என்றார்.

அவன் வாசலுக்கு வந்து செருப்பைச் சத்தமாகவே மாட்டிக்கொண்டு கிளம்பினான்.